மூச்சுக் கயிறு

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில், நீரில் இறங்கிய சுழியோடி இரண்டு பொருள்களை நம்பியே இறங்கினான். ஒன்று, அவனை விரைவாக அடிக்குக் கொண்டு சென்ற கல். மற்றது, அவனை மீண்டும் மேலே எடுத்த கயிறு. கல்லை எவர் கட்டினாலும் கட்டலாம். கயிற்றை மட்டும் மைத்துனன் கையிலே கொடுத்துவிட்டு இறங்குவதே வழக்கம் என்று கரையோர மக்கள் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் தாலியிழந்து நிற்பதை எந்தத் தமையனும் பொறுக்கமாட்டான்; ஆதலால் அவன் கை தளராது, கண் அயராது என்பதே அவ்வழக்கத்தின் பொருள். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கிய அக்காலத்து மனிதன், தன் உயிரை ஒப்படைக்கும் கை எது என்பதை ஆராய்ந்த பின்னரே கடலில் குதித்தான்.

இன்று கடலடிக்குச் செல்பவன் காற்றைத் தன் முதுகிலே சுமந்து செல்கிறான். கயிறும் இல்லை, கயிற்றைப் பிடித்து நிற்கும் மைத்துனனும் இல்லை. அவ்விடத்தைப் பெற்றிருப்பது கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைக் கருவி. 'ரெகுலேற்றர்' என்னும் ஆங்கிலப் பெயராலேயே நம் கரையோர இளைஞரும் அதனை அழைக்கின்றனர். சிலின்டரினுள்ளே பெரும் அமுக்கத்தில் அடைபட்டுக் கிடக்கும் காற்றை, சுழியோடி மூச்சிழுக்கும் வேளையில் மட்டும், அவன் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அமுக்கத்தில் வழங்குவதே அதன் தொழில். அது தவறினால் கடலடியில் வேறு துணை இல்லை.

இக்கருவியைப் பற்றி எழுத வேண்டுமென்ற எண்ணம் எனக்கு எழுந்தது ஒரு சிறு நிகழ்ச்சியினால்.

மேசைமேல் வந்த கருவி

நான் பல்லாண்டு காலம் பௌதிகம் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, என்னிடம் திருகோணமலையிற் படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். சுழியோடும் பயிற்சியை முறையாகக் கற்றுச் சான்றிதழும் பெற்றவன். உல்லாசப் பிரயாணிகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் படகுகளில் வேலை செய்பவன். கையில் ஒரு பழந்துணிப் பை. பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்ததோ, குரோம் பூச்சு ஆங்காங்கே உரிந்த ஒரு பழைய ரெகுலேற்றர். எவரோ ஒரு வெளிநாட்டார் விட்டுச் சென்றதாம். கை மாறிக் கை மாறி இவனிடம் வந்ததாம். புதியதன் விலையில் காற்பங்குகூட ஆகவில்லை என்பதில் அவனுக்குப் பெரும் மகிழ்ச்சி.

"மாஸ்ரர், நல்ல பாரமான சாமான். இப்ப வாறது மாதிரி பிளாஸ்ரிக் இல்லை. கழுவித் துடைச்சால் புதுசு போலத்தான்" என்றான்.

"தம்பி, இதைக் கடைசியாகக் கழற்றிப் பூட்டினது ஆர்?" என்று கேட்டேன்.

சற்றுநேரம் பேசாமல் இருந்தான். "அது தெரியாது மாஸ்ரர். வித்தவருக்கும் தெரியாதாம். ஆனால் காத்து நல்லா வருகுது" என்றான்.

பழைய ரெகுலேற்றர் வாங்குவோர் அனைவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவே. காற்று வருகின்றது என்பது மறுமொழி ஆகாது. ஏன் ஆகாது என்பதை விளங்கிக்கொள்ள, இக்கருவி பிறந்த கதையையும் அதன் உள்ளமைப்பையும் சிறிது அறிதல் வேண்டும்.

மார்ன் நதியிலே

கடலடியில் மனிதனுக்கு மூச்சளிக்கும் முயற்சி நெடுங்காலத்தது. பிரான்சு தேசத்துச் சுரங்கப் பொறியியலாளர் ரூக்கேரோல் என்பவரும், கடற்படை அதிகாரியான டெனெருஸ் என்பவரும் சேர்ந்து, சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்கு ஏற்பக் காற்றை வழங்கும் கருவியொன்றை 1860களிலேயே அமைத்துவிட்டனர். ஜூல்ஸ் வேர்ண் தமது புகழ்பெற்ற கடலடி நவீனத்தில் அக்கருவியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றார். ஆயின் அக்காலத்து உலோகத் தாங்கிகள் உயர்ந்த அமுக்கத்தைத் தாங்கவில்லை. ஆதலால் சுழியோடி மேலிருந்து வரும் காற்றுக் குழாயோடு பிணைக்கப்பட்டவனாகவே பெரும்பாலும் இருந்தான்.

அந்தப் பிணைப்பை அறுத்தது இரண்டாம் உலக யுத்த காலம். 1942ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படை அதிகாரியான ஜாக் குஸ்தோ, பாரிஸ் நகரில் எமில் கன்யான் என்ற பொறியியலாளரைச் சந்தித்தார். வாயுக்களை உற்பத்திசெய்யும் பெரிய நிறுவனமொன்றிற் பணியாற்றியவர் கன்யான். குஸ்தோவின் மாமனாரும் அந்நிறுவனத்தில் உயர்பதவி வகித்தவரே. பெற்றோல் கிடையாத அந்த நாள்களில் மோட்டார் வண்டிகள் வாயுவைக் கொண்டு ஓடின. இயந்திரம் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விடும் ஒரு சிறிய வால்வைக் கன்யான் அமைத்திருந்தார். வண்டியின் இயந்திரத்துக்குப் பொருந்திய அதே தத்துவம் மனிதனின் நுரையீரலுக்கும் பொருந்தியது.

1943 சனவரியில், பாரிசுக்கு அண்மையில், குளிர்ந்த மார்ன் நதியில் குஸ்தோ முதற் கருவியுடன் இறங்கினார். உடலைக் கிடையாக வைத்து நீந்தியபோது காற்று ஒழுங்காக வந்தது. நிமிர்ந்து நின்றபோது காற்று வீணாகப் பொங்கி வெளியேறியது. தலைகீழானபோதோ இழுக்க முடியாமல் நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க இருவருக்கும் அதிக நேரம் செல்லவில்லை. காற்று உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தும் சவ்வுக்கும், விட்ட மூச்சு வெளியேறும் வழிக்கும் இடையே ஆறு அங்குல இடைவெளி இருந்தது. உடல் திரும்பும்போது ஒன்று மேலும் மற்றது கீழுமாக, அந்த ஆறு அங்குல நீரின் அமுக்க வேறுபாடே காற்றை ஒருமுறை பொங்கச் செய்தது, மறுமுறை தடுத்தது. இரண்டையும் ஒரே மட்டத்திற் கொண்டுவந்து வைத்தவுடன் குறை நீங்கிற்று. அதே ஆண்டு யூன் மாதத்தில் பிரான்சின் தென்கரையிலுள்ள பண்டோல் என்னும் ஊரருகே, குஸ்தோ கடலில் மீனைப்போல் எத்திசையும் திரும்பி நீந்தினார்.

ஆறு அங்குல நீரின் அமுக்கம் என்பது நமது வளிமண்டல அமுக்கத்தில் எழுபதில் ஒரு பங்கிலும் சற்று அதிகம். அவ்வளவு சிறிய வேறுபாடும் மூச்சைப் பொங்கச் செய்யும் அல்லது நிறுத்தும் என்பதை அன்றே மார்ன் நதி காட்டிவிட்டது. பழைய கருவியை வாங்குவோர் மறக்கலாகாத பாடம் இது.

குஸ்தோவும் கன்யானும் அமைத்த கருவி 1946 முதல் விற்பனைக்கு வந்தது. முதுகின்மேல், கழுத்துக்குப் பின்னால் ஒரு வட்டப் பெட்டி. அதிலிருந்து வாய்க்கு வரும் இரண்டு மடிப்பு இறப்பர்க் குழாய்கள். உள்ளிழுக்கும் மூச்சுக்கு ஒன்று. வெளிவிடும் மூச்சுக்கு மற்றொன்று. 1952இல் அவுஸ்திரேலியாவின் மெல்போண் நகரில் ரெட் எல்ட்றெட் என்பவர் கருவியை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சிலின்டரின் வாயிலும் மற்றப் பகுதியைச் சுழியோடியின் வாயிலும் வைத்து, இடையே ஒரே மெல்லிய குழாயை அமைத்தார். இன்று உலகெங்கும் வழங்குவது அந்த ஒற்றைக் குழாய் முறையே.

எங்கள் திருகோணமலையும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1956ஆம் ஆண்டிலே ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியிலுள்ள கடலில் இறங்கி, போர்த்துக்கேயரால் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடிக்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் தூண்களும் கற்களும் கிடப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டில் வெளியான 'த றீஃப்ஸ் ஒவ் தப்ரபேன்' என்ற நூலில் கிளார்க் அதனை எழுதினார். பாடல் பெற்ற தலமொன்றின் கற்களை அலைக்குக் கீழே சென்று கண்டு மீள மனிதனுக்கு வழி செய்தது, முதுகிற் சுமந்த காற்றும் அதனை அளந்து தந்த வால்வுமே.

இரண்டு படிகள்

என் மாணவன் கொண்டுவந்தது ஒற்றைக் குழாய்க் கருவி. அதனை முன்னே வைத்துக்கொண்டு, பழைய வகுப்பறை நினைவோடு அவனுக்குச் சொன்னவற்றையே இங்கும் சொல்கிறேன்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. நீர்மட்டத்தில் ஒன்று, 10 மீற்றரில் இரண்டு, 30 மீற்றரில் நான்கு. அந்த ஆழத்தில் இருப்பவனுடைய நெஞ்சை நான்கு மடங்கு அமுக்கம் அழுத்திக்கொண்டிருக்க, அவன் இழுக்கும் காற்றும் அதே அமுக்கத்தில் வந்தாலன்றி மூச்சிழுக்க இயலாது. சிலின்டரிலோ, நிரப்பியவுடன், ஏறத்தாழ 200 வளிமண்டல அமுக்கம். இந்த இருநூற்றை அந்த நான்காக இறக்குவது இரு படிகளில் நடைபெறுகின்றது.

சிலின்டரின் வாயிற் பூட்டும் பகுதி முதற்படி. அது இருநூறு வளிமண்டலத்தைச் சுற்றியுள்ள நீரின் அமுக்கத்திலும் ஏறத்தாழ ஒன்பது பத்து வளிமண்டலம் மிகையான அளவுக்கு இறக்குகின்றது. இதனை இடை அமுக்கம் என்று சொல்லலாம். வாயிலே கவ்வும் பகுதி இரண்டாம்படி. மூச்சிழுத்தவுடன் அதன் உட்புறத்திலுள்ள இறப்பர்ச் சவ்வு உள்நோக்கி வளைந்து ஒரு சிறு நெம்புகோலை அழுத்த, வால்வு திறந்து காற்று பாய்கின்றது. இழுப்பது நின்றவுடன் சுருள்வில் வால்வை மூடிவிடுகின்றது.

முதற்படியிலும் இரு வகை உண்டு. ஒன்றில் வால்வை இயக்குவது பிஸ்டன். மற்றதில் தடித்த இறப்பர்ச் சவ்வு. பழைய, எளிய பிஸ்டன் கருவிகள் சிலவற்றில் சிலின்டரின் அமுக்கம் நேரடியாக வால்வின் மீது தாக்கும். ஆதலால் சிலின்டர் வெறுமையாகி வரும்போது மூச்சிழுப்பதும் கடினமாகி வரும். ஆழம் கூடினால் மேலும் கடினமாகும். பின்னர் வந்த சமப்படுத்திய வகைகளில் இக்குறை இல்லை. பழைய கருவியை வாங்குபவன் அது எவ்வகையென்று அறியாமல் வாங்குவது, பால் கறக்குமா உழுமா என்று கேளாமல் மாடு வாங்குவதை ஒக்கும்.

இங்கே கவனிக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. ஒற்றைக் குழாய்க் கருவிகளிற் பெரும்பாலானவற்றில் இரண்டாம்படியின் வால்வு காற்றோட்டத்தின் திசையிலேயே திறக்கும். முதற்படி பழுதாகி இடை அமுக்கம் அளவுக்கு மேல் ஏறினால், அந்த மிகை அமுக்கம் வால்வைத் தானே தள்ளித் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். காற்று நின்றுபோவதிலும் பொங்கி வழிவது மேல் என்று கருதிச் செய்த அமைப்பு இது. மிகப் பழைய சில கருவிகளிலோ வால்வு எதிர்த்திசையில் திறக்கும். அவற்றில் மிகை அமுக்கம் வால்வை மேலும் இறுக்கிவிடும். அத்தகையவற்றுக்கு மிகை அமுக்கத்தை வெளியேற்றும் தனி வால்வு இன்றியமையாதது. அது இல்லாத கருவியை அலுமாரியில் வைக்கலாம், கடலுக்குக் கொண்டுசெல்லலாகாது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இனி, மேசைமேல் இருந்த கருவியை இருவரும் சோதித்த முறையைச் சொல்கிறேன்.

முதலாவதாக, காற்று நுழையும் வழியிலுள்ள சிறிய உலோக வடிகட்டியைப் பார்த்தோம். பழைய கருவியின் சரித்திரத்தை மறைக்காமல் சொல்லும் சாட்சி அதுவே. அது பச்சை நிறமாயிருந்தால் உப்புநீர் உள்ளே புகுந்து பித்தளையை அரித்திருக்கின்றது என்று பொருள். செம்மண் நிறமாயிருந்தால் உருக்குச் சிலின்டரின் துரு வந்து படிந்திருக்கின்றது. கருமையாயிருந்தால் காற்று நிரப்பும் இயந்திரத்தின் எண்ணெயோ கரித்தூளோ வந்திருக்கலாம். எங்கள் கருவியின் வடிகட்டியில் பாசி படர்ந்ததுபோல் ஒரு பச்சை. மாணவன் முகம் சிறிது வாடியது.

இரண்டாவதாக, உள்வழியை இறுக மூடிவிட்டு வாய்ப்பிடியிலிருந்து மெல்ல உறிஞ்சும்படி சொன்னேன். பெட்டியில் வெடிப்போ, சவ்விற் கிழிவோ, மூச்சு வெளியேறும் வால்வில் மடிப்போ இருந்தால் எங்கிருந்தேனும் காற்று வந்துகொண்டே இருக்கும். அவன் உறிஞ்சினான், காற்று வரவில்லை, உள்ளே வெற்றிடம் நிலைத்தது. முகம் மீண்டும் மலர்ந்தது.

மூன்றாவதாக, குழாய். குழாயின் இரு முனைகளிலும் உலோகம் கவ்வும் இடத்தை மறைத்து இறப்பர் உறைகள் இருப்பதுண்டு. அவற்றை விலக்கிக் குழாயை வளைத்துப் பார்த்தல் வேண்டும். நாங்கள் விலக்கியபோது, வறண்ட குளத்தின் அடிநிலம்போல் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தன. குழாய் எப்பொழுதும் புதிதாக வாங்கத் தக்கது. அதற்காகக் கருவியைக் கழித்துவிட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, சிலின்டரோடு பூட்டும் கவ்வி. பழைய கவ்விகள் சில இன்றைய சிலின்டர் வாய்களுக்குப் பொருந்தாத அளவு ஒடுங்கியவை; இன்னும் சில, இன்று நிரப்பும் அமுக்கத்திலும் குறைந்த அமுக்கத்துக்கென அமைக்கப்பட்டவை. அதில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். பழைய கருவிகளிற் பலவற்றில் சிலின்டரின் அமுக்கத்தைக் காட்டும் மானியைப் பூட்டவோ, தோழனுக்குக் காற்றளிக்கும் இரண்டாவது வாய்ப்பிடியைப் பூட்டவோ துவாரம் இல்லை. எவ்வளவு காற்று மிஞ்சியிருக்கின்றது என்று அறியாமல் இறங்குவது பழைய தலைமுறையின் துணிவு. அதனை இன்று எவரும் பின்பற்ற வேண்டியதில்லை.

குரோம் பூச்சு உரிந்திருப்பது மட்டும் பெருங்குறை அன்று. இறப்பர் வளையம் அமரும் விளிம்பிற் குழி விழுந்திருந்தால் அதுவே குறை. கண்ணுக்கு அழகாயிருப்பதும் நம்பத் தக்கதாயிருப்பதும் இக்கருவியில் வெவ்வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்க வேண்டியது, உதிரிப் பாகங்கள் கிடைக்குமா என்பதே. சில பழைய வகைகள் இவ்வகையில் பாக்கியம் செய்தவை. 1960களில் தோன்றிய 'கொன்ஷெல்ஃப்' வகையும், 1970களில் பரவிய ஸ்கூபாப்றோ 'மார்க் 5' வகையும் இன்றும் ஆர்வலரால் விரும்பி வாங்கப்படுகின்றன. பாகங்கள் இன்னும் தேடிப் பெறத் தக்கனவாயிருப்பது அதற்கு ஒரு காரணம். இரட்டைக் குழாய்க் கருவிகளுக்கும் அமெரிக்காவில் அன்பர் கூட்டம் உண்டு. இற்றுப்போன பழைய இறப்பருக்குப் பதிலாகச் சிலிக்கோன் சவ்வுகளை அவர்கள் பூட்டிக்கொள்கின்றனர். 1955இல் வெளிவந்த 'மிஸ்ற்றல்' என்ற இரட்டைக் குழாய்க் கருவியின் பெயரிலேயே புதிய கருவியொன்று 2005ஆம் ஆண்டளவில் மீண்டும் விற்பனைக்கு வந்ததும் அப்பற்றின் விளைவே. ஆனால் பாகம் கிடையாத கருவி, எவ்வளவு மலிவாயினும், வெறும் பித்தளை நிறைதான்.

ஊசி நிற்கவில்லை

மறுநாட் காலை இருவரும், கருவி திருத்தும் பயிற்சி பெற்ற தொழிலாளி ஒருவரிடம் சென்றோம். அவர் கருவியை நிறைந்த சிலின்டரிற் பூட்டி, இடை அமுக்கத்தைக் காட்டும் மானி ஒன்றையும் இணைத்தார். ஊசி ஒன்பதுக்கு ஏறிற்று. நல்ல கருவியாயின் அங்கே நின்றிருக்க வேண்டும். மூச்சிழுக்கும்போது சற்றுத் தாழ்ந்து, உடனே பழைய இடத்துக்கு வந்து, அசையாமல் நிற்க வேண்டும். இதுவோ நிற்கவில்லை. பத்து, பதினொன்று, சிறிது சிறிதாகப் பன்னிரண்டு. பன்னிரண்டைத் தாண்டியதும் வாய்ப்பிடியிலிருந்து ஒரு மெல்லிய சீறல் எழுந்தது.

"இந்தச் சத்தம் முன்னமும் வந்ததோ?" என்று தொழிலாளி கேட்டார்.

"ஓம், இடைக்கிடை வந்தது. சின்னக் கசிவுதானே என்று விட்டிட்டன்" என்றான் மாணவன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் முதற்படியைக் கழற்றினார். வால்வின் வாயை மூடும் சிறிய பிளாஸ்ரிக் வில்லை ஒன்று உள்ளே இருந்தது; தொழிலாளர் அதனைச் 'சீற்' என்பர். மிளகிலும் சற்றுப் பெரிய அந்த வில்லையில், உலோக விளிம்பு பல்லாண்டு காலம் அழுத்தி அழுத்தி ஆழ்ந்த வட்டமொன்று பதிந்திருந்தது. வட்டத்தின் ஓரிடத்தில் நூலளவு வெடிப்பு. அந்த நூலளவு வழியாகத்தான் இருநூறு வளிமண்டலம் மெல்ல மெல்லப் புகுந்து ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தது. 'ஓ-றிங்' எனப்படும் இறப்பர் வளையங்களில் இரண்டு, நகத்தால் தொட்டவுடன் விசுக்கோத்துப்போல் நொருங்கின.

இதனோடு 30 மீற்றர் ஆழத்தில் நின்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? சீற் முற்றாக உடைந்திருந்தால் காற்று தடையின்றிப் பொங்கியிருக்கும். அந்த ஆழத்தில் சிலின்டர் சில நிமிடங்களிலேயே வெறுமையாகிவிடும். வெருட்சி கொண்ட மனிதன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வான். 1662இல் றொபேட் பொயில் வெளியிட்ட விதியை அவன் அவ்வேளை நினைப்பானா? அமுக்கம் குறையக் குறையக் காற்றின் கனவளவு பெருகும். 10 மீற்றரிலிருந்து நீர்மட்டத்துக்கு வருமுன் அது இருமடங்காகிவிடும். அடைத்து வைத்த நுரையீரல் அதனைத் தாங்காது. மெல்ல ஏற வேண்டியவன் பாய்ந்து ஏறுவதால், குருதியிற் கரைந்திருக்கும் நைதரசன் குமிழ்களாகிக் கைகால்களை முடக்கவுங்கூடும். கடலட்டைக்காகவும் சங்குக்காகவும் ஒரே நாளிற் பலமுறை இறங்கி அவ்வாறு முடங்கியோர் நம் கரைகளில் உளர். பௌதிகப் புத்தகத்தில் ஒரு வரியாக நாம் கற்பிக்கும் விதி, அவர்கள் வீட்டிற் கட்டிலோடு கிடக்கின்றது.

பேணும் முறை

கருவி நல்லதாயிருந்தாலும், பேணாவிட்டால் அது நல்லதாக நிலைக்காது. இவ்விடயத்தில் அத்தொழிலாளி கூறியவற்றைச் சுருக்கித் தருகின்றேன்.

கடலிலிருந்து ஏறிய அன்றே நன்னீரிற் கழுவுதல் வேண்டும். உப்பு காய்ந்து பளிங்காகிவிட்டால் வெறும் நீர் அதனை எளிதிற் கரைக்காது. கருவியைச் சிலின்டரிற் பூட்டி, காற்றைத் திறந்துவிட்டபடியே கழுவுவது உத்தமம். அப்போது நீர் உள்ளே புகாது. கழற்றிக் கழுவுவதாயின், தூசு மூடியைத் துடைத்து உலர்த்தி இறுகப் பூட்டிய பின்னரே நீரில் இட வேண்டும். அந்நிலையில் வாய்ப்பிடியின் முன்னாலுள்ள பொத்தானை அழுத்தவே கூடாது. அழுத்தினால் வால்வு திறந்து, நீர் குழாய் வழியே முதற்படிவரை சென்றுவிடும். நாம் பார்த்த பச்சைக்கு இதுவும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம்.

உலர்த்துவது நிழலிலேயே. வெயிலும், மின்மோட்டார்கள் அருகே உண்டாகும் ஓசோனும் இறப்பருக்குப் பகை. குழாயை ஒடித்து மடிக்காமல் பெரிய வளையமாகத் தொங்கவிட வேண்டும். வாய்ப்பிடியைக் கட்டியிருக்கும் இடத்திற் கிழிவு உண்டாவது வழக்கம். ஒவ்வொரு முறையும் அதனை இழுத்துப் பார்த்தல் நன்று. நீண்டகாலம் கிடந்த கருவியை நேரே கடலுக்குக் கொண்டுசெல்லாமல், முதலில் நீச்சற் தடாகத்திலோ ஆழமற்ற நீரிலோ சோதிக்க வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை முற்றாகக் கழற்றி, வளையங்களையும் சீற்றுகளையும் வடிகட்டியையும், அவை நல்லனபோலத் தோன்றினாலும், மாற்றிவிடல் வேண்டும். இதனை அவ்வகைக் கருவியைத் திருத்தப் பயின்றவரே செய்தல் வேண்டும். பித்தளைப் பாகங்களிற் படிந்த பச்சையை வினாகிரியும் நீரும் சமமாய்க் கலந்து சில நிமிடங்கள் ஊறவைத்து நீக்கலாம். நெடுநேரம் ஊறினால் குரோம் பூச்சும் உடன் போய்விடும். கடையில் கிடைக்கும் மோட்டார்க் கிறீசையோ எண்ணெயையோ ஒருபோதும் பூசலாகாது. சாதாரணக் காற்றுக்குச் சிலிக்கோன் கிறீஸ் போதும். ஒட்சிசன் மிகுந்த கலவைக் காற்றை உபயோகிப்போர் அதற்கென அமைந்த வேறு கிறீசையே நாட வேண்டும். உயர்ந்த அமுக்கத்திலுள்ள ஒட்சிசன் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் தீப்பற்றும்.

கடைசியாக அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "ஒரு கொப்பி வைத்திரும் தம்பி. எந்தத் திகதியில் ஆர் திறந்தது, எந்தச் சாமான் மாத்தினது, ஊசி எதிலை நின்றது, எல்லாம் எழுதி வையும்."

கொப்பியின் முதல் வரி

உதிரிப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்துசேர மூன்று மாதங்கள் சென்றன. பாகங்களுக்கும் குழாய்க்கும் திருத்தும் கூலிக்குமாக ஆன செலவு, அவன் கருவிக்குக் கொடுத்த விலையிலும் அதிகம். 'மலிவு' என்று வந்தவன் இறுதியில் கணக்குப் பார்த்தபோது அரைவிலையை எட்டியிருந்தது. ஆயினும் அவன் வருந்தவில்லை. பாரமான அந்தப் பித்தளை உடல் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும் என்று தொழிலாளியே சொன்னார். அம்மூன்று மாதமும் அவன் படகில் வேலை செய்தானேயன்றி, இரவல் கருவியோடுகூடக் கடலடிக்கு இறங்கவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த ஆறுதல்.

கருவி திரும்பி வந்த அன்று என்னிடம் கொண்டுவந்து காட்டினான். குரோம் பூச்சு முன்போலவே உரிந்திருந்தது, அதை மாற்றவில்லை. கூடவே ஒரு பாடசாலைக் கொப்பி. அதன் முதற் பக்கத்தில் திகதியும், தொழிலாளியின் பெயரும், மாற்றிய பாகங்களின் பட்டியலும், கீழே ஒரு வரியும்: 'ஊசி ஒன்பதரையில் நின்றது. பத்து நிமிடம் பார்த்தோம். அசையவில்லை.'

"மாஸ்ரர், இனி ஆராவது 'கடைசியாகத் திறந்தது ஆர்?' எண்டு கேட்டால் எனக்கு மறுமொழி இருக்கு" என்றான்.

மைத்துனன் கையிற் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்கிய முத்துச் சுழியோடிக்கும் அதே மறுமொழி இருந்தது. கருவி பழையதாயிருப்பதிற் பழுதில்லை. அதன்மேல் உழைத்த கைகளை அறியாமல் வாயில் வைப்பதே பழுது. வாங்குவோரும் விற்போரும் இதனை மனத்திற் கொள்வாராயின், நம் கரையிற் சில வீடுகளில் அழுகை குறையும்.

கழற்றிய பழைய சீற்றை அவன் என்னிடம் தந்துவிட்டுப் போனான். அதனை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு வைத்திருக்கின்றேன். மாலையில் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுக்குப் பொயிலின் விதியைச் சொல்லும்போது, குப்பியை அவர்கள் கையிற் கொடுத்து, அந்த நூலளவு வெடிப்பைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். உருப்பெருக்கி இல்லாமல் அதனைக் கண்ட பிள்ளை இதுவரை இல்லை.